கவரின் மேல் எழுதுவது யாருக்காக?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை எத்தனையோ வீடுகளில் திண்ணையே கடையாகிவிட்டது. சிப்பி வேலை, சிறு கற்சிலை, மூலிகைப் பொடி, காய்கறி விதை என்று ஆளுக்கு ஒன்று. பெரிய பொருள் பார்சலில் போனாலும் பில்லும் விலைப்பட்டியலும் விதைப் பாக்கெட்டும் பொங்கல் வாழ்த்தும் கவரில்தான் போகின்றன. புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் உள்ளே வைப்பதற்கு எவ்வளவோ மெனக்கெடுகிறீர்கள். மேலே எழுதுவதை மட்டும் கடைசி நேரத்தில் கிறுக்குகிறீர்கள். உள்ளே இருப்பதை ஒருவர்தான் படிப்பார். மேலே இருப்பதைக் கவுன்ட்டரில் வாங்குபவர், ஊர்வாரியாகப் பிரிப்பவர், வீடு தேடிப் போகிறவர் எல்லாரும் படித்தாக வேண்டும். அவர்களுக்கு உங்களையும் தெரியாது, உங்கள் வாடிக்கையாளரையும் தெரியாது. அவர்களுக்காக எழுதுங்கள்.

1. அளவை முதலில் முடிவு செய்யுங்கள். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் 99 மி.மீ. அகலம் வரும். கடையில் கிடைக்கும் 9×4 அங்குலக் கவரின் அகலம் 102 மி.மீ.கூட இல்லை. ஒரு தாள் நுழையும்; மூன்று தாள் வைத்தால் திணிக்க வேண்டியிருக்கும். 110×220 மி.மீ. அளவுள்ள டிஎல் கவரோ 10×4.5 அங்குலக் கவரோ வசதி. மடிக்கக் கூடாதவற்றுக்கு ஏ4 கொள்ளும் பெரிய கவர் ஒன்று. இரண்டு அளவுக்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள்.

2. எடை பார்க்காமல் ஒட்டாதீர்கள். சாதாரணத் தபாலுக்கு முதல் படி 20 கிராம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். மூன்று தாளும் ஒரு கவரும் சேர்ந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். கனமான கவர் என்றால் தாண்டியேவிடும். தபால்தலை குறைந்தால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குபவரிடம் கேட்பார்கள். நீங்கள் மிச்சம் பிடித்த காசுக்கு உங்கள் வாடிக்கையாளர் தண்டம் கட்டுவதா? சமையலறைத் தராசு ஒன்று போதும்.

3. பின்கோடு இல்லாத முகவரியை வாங்காதீர்கள். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த இந்த ஆறு இலக்க முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் மூன்று இலக்கம் தபால் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று சொல்லும்; கடைசி மூன்றும் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். செங்கல்பட்டு 603001, மாமல்லபுரம் 603104, திருக்கழுக்குன்றம் 603109. கோவளம் என்று மட்டும் எழுதினால் எந்தக் கோவளம்? நம் கோவளம் 603112. கேரளத்துக் கோவளம் 695527. கன்னியாகுமரிப் பக்கத்திலும் ஒரு கோவளம் உண்டு.

பின்கோடு இருக்கிறதே என்று ஊர்ப்பெயரை விட்டுவிடவும் கூடாது. ஒரு துணை அஞ்சலகத்தின் கீழ் வரும் பல கிளை அஞ்சலகங்களுக்கும் ஒரே எண் இருக்கும். ஆகவே கிராமம், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு என்ற வரிசையை மாற்றாதீர்கள். மாவட்டப் பெயரையும் பாருங்கள். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. பழைய பட்டியலில் இருப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே போட்டுக்கொண்டிருந்தால் திருத்திவிடுங்கள்.

4. குப்பத்து முகவரியைக் கேட்டு வாங்குங்கள். கடலோரக் குப்பங்களில் கதவு எண் இருக்கும், வரிசையாக இருக்காது. ஒரே தெருவில் மூன்று செல்விகள் இருப்பார்கள். அங்கே த/பெ, க/பெ என்று போடும் பெயர்தான் ஆளைக் காட்டும். "மாதா கோயில் எதிரில்", "தண்ணீர் டேங்க் பின்புறம்" போன்ற அடையாளம் ஒன்றும் கேளுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். அஞ்சல் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த டிஜிபின், ஏறக்குறைய நாலு மீட்டர் சதுர இடத்தைக்கூடப் பத்து எழுத்துகளில் குறிக்கும். வாடிக்கையாளர் கொடுத்தால் குறித்துவையுங்கள். அது இருக்கிறது என்று முகவரியைச் சுருக்காதீர்கள்.

5. உங்கள் பெயரைச் சின்னதாகப் போடுங்கள். புதியவர்கள் லோகோவையும் கடைப் பெயரையும் கொட்டை எழுத்தில் அடித்து, வாங்குபவர் முகவரியை மூலையில் ஒடுக்கிவிடுகிறார்கள். அவசரத்தில் பிரிப்பவர் கண்ணுக்கு எது பெரிதோ அதுதான் போகவேண்டிய இடம். கவர் உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும். அனுப்புநர் முகவரி கீழே இடதுபுறம் அல்லது பின்புறம். பெறுநர் முகவரி வலதுபுறம், அதைவிடப் பெரிய எழுத்தில். வலது மேல்மூலை தபால்தலைக்கு. அங்கே பூவும் கொடியும் வரையாதீர்கள்.

6. மொழியைப் போகும் ஊர் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாட்டுக்குள் தமிழில் தாராளமாக எழுதலாம். வெளிமாநிலத்துக்கு ஆங்கிலம் நல்லது. கணினியில் யூனிகோட் எழுத்தையே பயன்படுத்துங்கள். பழைய பட்டியல் பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒருமுறை உட்கார்ந்து மாற்றிவிடுங்கள்.

7. எண்ணிக்கைக்குத் தக்கபடி அச்சடியுங்கள். பத்து இருபது கவருக்குக் கையெழுத்தே போதும். அதற்கு மேல் போனால் முகவரிகளை எக்செலில் வைத்து மெயில் மெர்ஜ் செய்யுங்கள். பெயர், தெரு, ஊர், பின்கோடு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் வேண்டும். ஐநூறு ஆயிரம் என்றால் அனுப்புநர் முகவரியை மட்டும் அச்சகத்தில் ஆஃப்செட்டிலோ ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ அடித்து வாங்கிக்கொண்டு, பெறுநரை வீட்டில் அடியுங்கள். பிரிண்டரில் தாள் வகையைக் கவர் என்று மாற்றுங்கள். முதலில் கவர் அளவுக்கு வெட்டிய வெற்றுத்தாளில் ஓட்டிப் பாருங்கள். லேசர் பிரிண்டர் சூட்டில்தான் மையை ஒட்டவைக்கிறது. பிளாஸ்டிக் ஜன்னல் கவரை அதில் விட்டால் சுருங்கி உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். இங்க்ஜெட்டின் டை மை மழைத்துளி பட்டால் கரையும். ஐப்பசி, கார்த்திகையில் பிக்மென்ட் மைதான் தாங்கும். தெர்மல் லேபிள் வெயிலில் மங்கும்.

8. உப்புக்காற்றிலிருந்து கவரைக் காப்பாற்றுங்கள். கடலோர ஈரத்தில் பசை தடவிய மடிப்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும், தாள் நெளியும், நெளிந்த கவர் பிரிண்டரில் சிக்கும். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்துக்குப் பட்டையை உரித்து ஒட்டும் கவர் வாங்குங்கள். ஒரு வருடத்துக்கான கவரை ஒரேயடியாக வாங்காதீர்கள்.

9. ரசீதை எறியாதீர்கள். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. பணம் சம்பந்தப்பட்டதை விரைவுத் தபாலில் அனுப்பி, அதன் எண்ணை வாடிக்கையாளர் பெயருக்கு நேரே நோட்டில் எழுதுங்கள். கவர் திரும்பி வந்தால் அதில் எழுதியிருக்கும் காரணத்தைப் படித்து, அன்றைக்கே பட்டியலைத் திருத்துங்கள்.

10. மொத்தமாக அடிக்குமுன் இரண்டு கவரைத் தபாலில் போட்டுப் பாருங்கள். ஒன்று உங்கள் வீட்டுக்கு, இன்னொன்று வெளியூரில் இருக்கும் உறவுக்காரருக்கு. வந்து சேர்ந்ததும் முத்திரை எங்கே விழுந்திருக்கிறது, மை கலைந்திருக்கிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியூர்க் கவரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அச்சகத்துக்குப் போங்கள்.