பாட்டியின் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

போலந்து வம்சாவளியில் அமெரிக்காவில் பிறந்து, முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உதவித்தொகை தேடும் பிள்ளைகளுக்கு, பல வருடம் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்தவன் சொல்வது.

1. படிவத்தை அப்புறம் பார்க்கலாம். பாட்டி இருக்கும்போதே அவரிடம் போய் உட்காருங்கள். எந்த ஊர், எந்த தேவாலயம், யார் யாருடைய மகள், எந்த வருடம் கப்பல் ஏறினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. பக்கத்து ஊரின் பெயரையும் கேளுங்கள்.

2. பாட்டியின் பெட்டியில் கிடைத்த காகிதத்தில் போலந்து என்று இல்லையே என்று பின்வாங்காதீர்கள். 1795 முதல் 1918 வரை போலந்து தனி நாடாக இல்லை. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. என்னிடம் வந்த ஒரு பெண், கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவில் 'ஆஸ்திரியா' என்று கண்டு அழுதேவிட்டாள். அதே வரியில் ஊர்ப் பெயர் இருந்தது: தார்னூவ். அன்று ஆஸ்திரியாவின் கையிலிருந்த போலந்து ஊர் அது. ஆஸ்திரியப் பகுதியின் ஞானஸ்நானப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். ரஷ்யப் பகுதியில் 1868-க்குப் பிறகு ரஷ்ய மொழியில். அப்பா கோவால்ஸ்கி என்றால் மகள் கோவால்ஸ்கா. வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். போலந்து அரசு ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏராளமான பதிவேடுகளை இலவசமாகவே காட்டுகிறது.

3. வம்சாவளிக்குச் சான்று சேர்ந்ததும், முதலில் நியூயார்க்கின் கோஷ்ச்யூஷ்கோ அறக்கட்டளையைப் பாருங்கள். ஸ்டீபன் மிஸ்வா என்ற குடியேறி முன்னின்று 1925-இல் நிறுவியது. முதுகலை மாணவர்களின் படிப்புக் கட்டணத்துக்கு உதவுகிறது. அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் கோட்டைகள் கட்டிய ததேயுஷ் கோஷ்ச்யூஷ்கோ, அமெரிக்காவில் தனக்கிருந்த பணத்தால் அடிமைகளை மீட்டுப் படிக்க வைக்கச் சொல்லி 1798-இல் உயில் எழுதி, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சனிடம் ஒப்படைத்தார். ஜெஃபர்சன் அதை நிறைவேற்றவில்லை. அந்தப் பணத்தில் எந்தப் பிள்ளையும் படிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

4. போலந்திலேயே படிக்க ஆசையா? 'கார்த்தா போலாகா' என்ற போலந்து அரசின் அட்டையை வாங்குங்கள். 2019 முதல் உலகெங்கும் உள்ள போலந்து வம்சாவளியினருக்குக் கிடைக்கிறது. பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர், இல்லையென்றால் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியரில் இருவர் போலந்து இனத்தவர் என்று காட்ட வேண்டும். ஓரளவு போலிஷ் பேசவும் வேண்டும். அட்டை இருந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் போலிஷில் நடக்கும் முழுநேரப் படிப்புக்குக் கட்டணமில்லை.

5. கட்டுரையைப் பியரோகிக் கொழுக்கட்டையில் தொடங்கி கிறிஸ்துமஸ் விருந்தில் முடிக்காதீர்கள். எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். நீங்கள் என்ன படிக்கிறீர்கள், பாட்டி சொன்னது அதில் எங்கே வந்து ஒட்டுகிறது என்று எழுதுங்கள். ஒட்டவில்லையென்றால் ஒட்டவில்லை; படிப்பைப் பற்றியே எழுதுங்கள்.

6. பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரை ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

7. வெளியிலிருந்து பணம் கிடைத்தால், தான் தரும் உதவியைக் குறைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கையெழுத்துப் போடுமுன் உங்கள் நிதி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.