சிவிக்கை இறக்கினால் வளைவில் பிடித்துக்கொள்ளுமா?

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஈ.கே. கார் இருக்கிறது. மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும்போது பதினெட்டு வளைவில் கார் நன்றாகச் சாய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் வளைவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்பிரிங்கை வெட்டி 2 அங்குலம் இறக்கினால் ரோட்டைப் பிடிக்கும் என்கிறார்கள் கூட்டாளிமார். கொயில்ஓவர் போடச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
— வாசகர், மருதமுனை

பதில்: சாய்வதையும் வெளியே இழுப்பதையும் பிரித்துச் சொன்னீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. இரண்டும் ஒரே நோய் அல்ல.

இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் பிடிமானம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. வளைவில் உள்பக்கச் சில்லுகளின் பாரம் வெளிப்பக்கச் சில்லுகளுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது காரின் எடை, வளைக்கும் வேகம், இடம் வலம் சில்லுகளுக்கு இடையிலான அகலம், எடைமையத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஸ்பிரிங்கின் இறுக்கத்துக்கு அதில் அநேகமாகப் பங்கே இல்லை. இறுக்கினால் சாய்வு குறையும். மாறும் பாரம் அப்படியே இருக்கும். நம் உடம்பு சாய்வை மட்டுமே உணர்வதால் கார் நன்றாகப் பிடிக்கிறது என்று ஏமாறுகிறோம்.

இறக்குவதில் லாபம் இல்லாமல் இல்லை. உங்கள் காரின் எடைமையம் நிலத்திலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். 2 அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் இறக்கினால் மாறும் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று குறையும். ஆனால் சில்லு மேலெழும்ப இருந்த இடத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். இடம் தீர்ந்ததும் கார் பம்ப்ஸ்டொப்பில், அதாவது கடைசித் தடுப்பாக வைத்திருக்கும் ரப்பர் கட்டையில், குந்திவிடும். வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் அந்த மூலையில் ஸ்பிரிங்கே இல்லாதது போலாகி, டயர் துள்ளிப் பிடி விடும். குடும்பத்தோடு அக்கரைப்பற்றுக்கோ பொத்துவிலுக்கோ போகும்போது பள்ளிக்கூட வாசல் வேகத்தடைகளில் அடிவயிறு உரசுவது தனிக்கதை. தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் மண்தடம் போன்ற இடங்களில் ஓடுவதற்குக் கார் கட்டுகிறவர்கள், சில்லு ஏறி இறங்க நிறைய இடம் விட்டே கட்டுவார்கள். பந்தயம் என்றாலே பதிந்த கார் என்பது வழுவழுப்பான தார்த்தடத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

ஸ்பிரிங்கை வெட்டவே வேண்டாம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இறுகும். வெட்டிய முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் சரியாக உட்காராது. சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விலகக்கூடும்.

அப்படியானால் பிடிமானம் எங்கே இருக்கிறது? டயர் நிலத்தை ஒரே சீராக அழுத்துவதில். அந்த வேலை ஷொக் அப்சோபருடையது. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். ஷொக் தனக்குள் இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றிக் கரைக்கும். 1962இல் வந்த லோட்டஸ் ஈலான் கார் மென்மையான ஸ்பிரிங்கோடுதான் வளைவுகளில் பெயர் எடுத்தது. உங்கள் ஈ.கே.யும் லேசுப்பட்டதல்ல. நான்கு சில்லுக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழும் இரண்டு கைகள் சில்லைப் பிடிக்கும் அமைப்பு, அதில் உண்டு. அதற்கு அடுத்த தலைமுறைச் சிவிக்கில் ஹொண்டாவே முன்பக்கத்தில் இதைக் கைவிட்டது.

ஆனால் இத்தனை வருடம் ஓடிய காரில் ஷொக்கும் புஷ்ஷும் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். புஷ் என்பது அந்தக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர். ஷொக்கில் எண்ணெய் கசிகிறதா, டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கராஜ் பாஸிடம் காரைத் தூக்கி, சில்லைக் கைகளோடு இணைக்கும் போல்ஜொயின்ட்டை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றைச் சரிசெய்து நல்ல டயர் போட்டாலே பாதிக் குறை தீரும். ஜப்பானில் பாவித்துக் கழற்றிய ஷொக்கை மலிவு என்று வாங்காதீர்கள். அதுவும் தேய்ந்ததாக இருக்கலாம்.

அதன் பிறகும் மனம் கேட்காவிட்டால், புதிய ஷொக்கோடு அதற்கென்றே பொருத்திக் கொடுக்கும், கொஞ்சம் மட்டும் இறுக்கமான ஸ்பிரிங் போடலாம். ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்க வேண்டாம்.

முன்பக்கம் வெளியே இழுப்பதற்கு மருந்து வேறு. அன்டி-ரோல் பார் என்பது இடம் வலம் சில்லுகளைப் பிணைத்துச் சாய்வைத் தடுக்கும் முறுக்குக் கம்பி. ஈ.கே.யின் சில ரகங்களில் பின்பக்கம் அது மெலிந்திருக்கும், சிலவற்றில் இல்லவே இல்லை. பின்பக்கம் சற்றுத் தடித்த பார் போட்டால் பாரமாற்றத்தில் பெரிய பங்கைப் பின்பக்கம் ஏற்கும். முன்பக்க வெளி டயரின் சுமை குறைந்து மூக்கு வளைவுக்குள் திரும்பும். அளவுக்கு மீறினால் மாரி மழையில் பதினெட்டு வளைவில் வால் வீசும். ஆகவே ஒரு படி மட்டும் கூட்டிப் பாருங்கள்.

கொயில்ஓவர் என்றால் புரிபோட்ட உருளையில் வளையத்தைத் திருகி உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷொக் தொகுதி. ஒவ்வொரு தடத்துக்கும் உயரம் மாற்றி ஓடுகிறவருக்கு அது தேவை. நமக்கோ கடல் பக்கத்திலேயே இருக்கிறது. உப்புக்காற்றும் மணலும் புரியில் ஏறி வளையம் துருவில் இறுகிவிடும். கழுவிக் கிரீஸ் பூசிப் பேணாவிட்டால் உயரம் மாற்ற வாங்கிய சாமானில் உயரத்தை மாற்ற முடியாமல் போகும். கண்டிப் பயணத்துக்கு அது வேண்டியதில்லை.

எதை மாற்றினாலும் வேலை முடிந்த அன்றே சில்லு அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். உயரம் மாறினால் சில்லின் கோணமும் மாறும். அப்படியே ஓடினால் டயரின் உள்விளிம்பு, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமலே, கம்பி தெரியும்வரை தேய்ந்துவிடும்.