இரண்டாவது அம்பு

கேள்வி: யாரோ சொன்ன ஒரு சுடுசொல் நாள் முழுக்க மனத்தைக் குடைகிறது. இதற்குப் பௌத்தம் வழி சொல்கிறதா?

பதில்: சொல்கிறது. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசுகிறார். உடலில் படும் வலி முதல் அம்பு. ஞானிக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை. அந்த வலியை நினைத்து நினைத்துப் புலம்புவது இரண்டாவது. மனத்தைப் பழக்கியவர் மீது இது பாய்வதில்லை.

சுடுசொல்லும் அப்படித்தான். காதில் விழுவது ஒருமுறை, மனம் திருப்பிச் சொல்வதோ ஓயாமல்.

மனத்தைப் பழக்குவது எப்படி? விபாசனா என்னும் தியானம் ஒரு வழி. பர்மாவில் பிறந்த தொழிலதிபர் எஸ்.என்.கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் ரங்கூனில் ஊ பா கின்னிடம் விபாசனா கற்கச் சென்றார். ஊ பா கின் அரசாங்கத்தின் தலைமைக் கணக்கு அதிகாரி. தலைவலி தீர்வதற்காக மட்டும் என்றால் கற்றுத்தர முடியாது என்று அவர் மறுத்தார். மனத்தூய்மையே நோக்கம் என்ற பிறகுதான் சேர்த்துக்கொண்டார். 1969இல் கோயங்கா அந்தப் பயிற்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் அதைக் கற்றார்கள்.

முகாம் 10 நாள், மௌனம் கட்டாயம். முதலில் இயல்பான மூச்சைக் கவனிக்க வேண்டும். பிறகு தலை முதல் கால் வரை எழும் உணர்வுகளை, விருப்பும் வெறுப்பும் இல்லாமல். கோபம் எழும்போது மூச்சு வேகமாகிறது, உடல் சூடேறுகிறது. அதைக் கவனிக்கப் பழகியவருக்குப் பதிலடி கொடுக்குமுன் ஒரு கணம் கிடைக்கிறது.

சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் இதற்கொரு மையம் உண்டு. கட்டணம் இல்லை, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது.