கேஸ் நிரப்பும் லைட்டர் வாங்கப் போகிறீர்களா?

பளபளப்பை விடுங்கள், முதலில் லைட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் கேஸ் ஏற்றும் வால்வும், தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இருக்க வேண்டும். சில மலிவு லைட்டர்களில் வால்வு இருக்கும், ஆனால் கல் மாற்ற வழியிருக்காது. கல் தேய்ந்தால் குப்பைதான், எவ்வளவு கேஸ் மிச்சமிருந்தாலும். கடையிலேயே நாலைந்து முறை பற்றவைத்துப் பாருங்கள். விரலை எடுத்ததும் தீ சட்டென்று அணைய வேண்டும்.

ஸிப்போ போன்ற திரி லைட்டர் காற்றுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் எரிபொருள் சட்டைப்பையில் சும்மா இருந்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எப்போதாவது பற்றவைப்பவருக்கு கேஸ் லைட்டரே தோது.

நிரப்புவதற்கு முன் திருகைக் குறைந்த அளவில் வைத்து, சிறிய ஸ்குரூ டிரைவர் முனையால் வால்வை அழுத்தி, உள்ளே மிச்சமிருப்பதை 'உஸ்' சத்தம் அடங்கும்வரை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல்தான் பலர் 'கேஸ் ஏறவே மாட்டேங்குது' என்கிறார்கள். பிறகு லைட்டரைக் கவிழ்த்துப் பிடித்து, கேஸ் டப்பாவையும் அதன்மேல் செங்குத்தாகக் கவிழ்த்து சில நொடி அழுத்துங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, விளக்கு பக்கத்தில் இல்லாமல். சில நிமிடம் கழித்தே பற்றவைக்கலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் லைட்டரை விட்டுவிடாதீர்கள்.