காடு தெரிந்தவர்களுக்கு ஒரு வேலை: சாகாமத்துப் பிள்ளைகளும் ட்ராப் கமெராவும்

சாகாமம் குளக்கட்டில் விடிகாலையில் நடந்து பழகியவர்களுக்கு, இரவில் அந்த வழியால் யார் போனது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மண்ணே சொல்லும். அலியன் கட்டைக் கடந்த இடம், பன்றிக் கூட்டம் சேற்றைக் கிளறிய இடம், மரை தண்ணீருக்கு இறங்கிய சரிவு எல்லாம் அதில் கிடக்கும். வட்டைகளில் காவல் கிடந்த நம் வாப்பாமாரும் மாமாமாரும் இந்தப் படிப்பைப் பள்ளிக்கூடம் போகாமலே படித்தவர்கள்.

விலங்கு கடக்கும்போது தானாகவே படமெடுக்கும் ட்ராப் கமெரா ஒன்றைக் கட்டோரம் கட்டிவிட்டு மறுநாள் காலை போனபோது, வாடியில் இருந்த ஒரு காவல்காரர் கூடவே வந்தார். ஈரமண்ணில் பெரிய குளம்படி ஒன்று. புதுசு என்றேன். அவர் குனிந்து விரலால் காட்டினார். "மகன், இது விடியப்பறம் போன தடமில்ல. பனித்துளி விழுந்த புள்ளி தடத்துக்குள்ளேயும் கிடக்கு, பாருங்க. பனி இறங்க முன்னமே போயிட்டு." கமெராவைத் திறந்து பார்த்தேன். கொம்பு விரித்த மரை ஒன்று. நேரம் இரவு 11.40.

அந்த மனிதருக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு இரண்டு பருவம் வேண்டும். ஆனால் அவருடைய அறிவுக்கு இதுவரை இரண்டே சந்தைகள்தான் இருந்திருக்கின்றன: பயிர்க் காவல், களவு வேட்டை. காட்டுயிர் ஆய்வு என்ற மூன்றாவது சந்தை ஒன்று திறந்திருக்கிறது. அதில் எப்படி நுழைவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் அரச காணிகளில் வேட்டைக்குப் போகிறவர்கள் இந்தக் கமெராக்களை மரத்தில் கட்டி, மான் வரும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு துப்பாக்கியோடு போவார்கள். அங்கேயே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு உதவியாகக் கமெரா வைப்பதைத் தடைசெய்தது. யூட்டா, நெவாடா மாநிலங்கள் வேட்டைக் காலத்துக்குக் கட்டுப்பாடு விதித்தன. வேட்டைக்காரர்களிலேயே பலர், விலங்குக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பாவது இருக்க வேண்டும் என்று சொன்னதும் இதற்கு ஒரு காரணம்.

நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே பொருந்துவது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் சாகாமம் 1963இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 616 ஹெக்டேயர். தேசிய பூங்கா முழுவதும் அரச காணி, நுழையவே அனுமதி வேண்டும். சரணாலயம் அப்படியல்ல. அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம், போய்வரலாம், ஆனால் விலங்கைக் கொல்ல முடியாது. உங்கள் சொந்த வயலே அதற்குள் கிடந்தாலும் இதுதான் விதி. எனவே மரை வரும் நேரம் பார்க்க ஒரு கமெரா வாங்கிக் கட்டலாமே என்று யாராவது மச்சான் கூப்பிட்டால், அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தக் கமெராவில் பதிந்திருக்கும் உங்கள் முகமே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

இதே கமெரா ஆய்வுக்கு வந்தபோது அதன் பெறுமதி மாறிவிட்டது. இந்தியாவில் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் நாகரஹொளே காட்டில் புலிகளின் வரிகளைப் படத்தில் பார்த்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, எண்ணிக்கையைக் கணக்கிடும் முறையை 1995இல் வெளியிட்டார். 2018 புலிக் கணக்கெடுப்பில் இந்தியா 26,838 இடங்களில் கமெரா வைத்தது. மூன்றரைக் கோடிக்கு அண்மித்த படங்கள் கிடைத்தன. கின்னஸ் பதிவும் கிடைத்தது. அத்தனை கமெராக்களையும் கட்டியது பேராசிரியர்கள் மட்டும் அல்ல. காட்டுப் பாதை தெரிந்த வனக் காவலர்களும் சேர்ந்துதான் கட்டினார்கள். 2021இல் நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பக்கம் ஆட்களையும் மாடுகளையும் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை மூன்று வாரம் தேடினார்கள். இதுதான் அந்தப் புலி என்று உறுதிசெய்யக் கமெராப் படத்தின் வரிகள் உதவின. அக்டோபர் 15ஆம் திகதி உயிரோடு பிடித்தார்கள். படம் இல்லாமல் சுட்டிருந்தால் வேறொரு புலி செத்திருக்கலாம்.

இலங்கையில் ஆய்வாளர்கள் அஞ்சலி வட்சனும் அன்ட்ரூ கிட்டிலும் யாலவிலும் மலையகத்திலும் பல ஆண்டுகளாகச் சிறுத்தைகளை இப்படித்தான் படிக்கிறார்கள். அன்யா ரத்நாயக்க கொழும்பு நகரத்துச் சதுப்பு நிலத்தில் மீன்பிடிப் பூனைகளைத் தேடினார். கொழும்பில் முடியுமென்றால், குமணவும் லகுகலவும் கல்லோயாவும் சுற்றிவர இருக்கும் நம் மாவட்டத்தில் எவ்வளவு வேலை கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வேலை எங்கே இருக்கிறது?

பல்கலைக்கழக ஆய்வுகளுக்குக் கள உதவியாளர் தேவைப்படுவார். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உயிரியல் பிரிவுக்கு நேரில் போய், இந்தப் பகுதி எனக்குத் தெரியும், உதவிக்கு ஆள் தேவையென்றால் கூப்பிடுங்கள் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்ற தவணை வேலைகள். நிரந்தரம் இல்லை என்று தட்டிவிடாதீர்கள். அடுத்த வேலைக்கு முதல் வேலையின் கடிதம்தான் கதவு.

வீதி, அணைக்கட்டு, மின் திட்டம் போன்றவற்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்கிறவர்களுக்கும் விலங்குகளைப் பதிவுசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். பொத்துவில், அறுகம்பை, பாணமைப் பக்கம் சுற்றுலா விடுதிகள் இயற்கை வழிகாட்டிகளைத் தேடுகின்றன. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் ஆள் எடுப்பது அரச ஆட்சேர்ப்பு வழியாக.

தங்கைமாருக்கும் ஒரு சொல். களத்துக்குப் போக வீட்டில் தயங்கினால், படம் பிரிக்கும் வேலையில் தொடங்குங்கள். ஒரு மாத ஆய்வு பல்லாயிரம் படங்கள் தரும். மெகாடிடெக்டர் போன்ற செயலிகள் வெற்றுப் படங்களைக் கழித்துவிடும். மிச்சத்தைப் பார்த்து இது சருகுமான், இது முள்ளம்பன்றி, இது அழுங்கு என்று குறிப்பது ஆளின் வேலை. ஒரு மடிகணினியும் பொறுமையும் போதும். விலங்கு தெரிந்த கண்ணாக இருந்தால் களத்துக்கும் பிறகு போகலாம்.

கட்டும் கை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நேர்முகத்தில் உங்களைப் பிரித்துக் காட்டுவது இதுதான்.

ட்ராப் கமெரா அசைவை மட்டும் பார்ப்பதில்லை. சுற்றுப்புற வெப்பத்துக்கும் விலங்கின் உடல் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் அசையும்போதுதான் அதன் உணரி விழிக்கிறது. நம் கரையோர உச்சி வெயிலில் தரையும் விலங்கும் ஒரே சூட்டில் இருக்கும், கமெரா தவறவிடும். பகலில் எதுவும் வரவில்லை என்று அறிக்கையில் எழுதுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தைக் கிழக்குக்கோ மேற்குக்கோ திருப்பாதீர்கள். வடக்கோ தெற்கோ பார்க்க வையுங்கள். முதல் தவணையில் நான் ஒன்றைக் கிழக்குப் பார்க்கக் கட்டிவிட்டேன். இரண்டு வாரத்தில் கார்ட் நிறைந்து கிடந்தது. எல்லாம் காலை வெயிலில் ஆடிய இலுக்குப் புல். அந்த இடத்தின் பதினான்கு இரவுகள் போய்விட்டன. திரும்ப எடுக்க முடியாது. அன்று முதல், கமெராவுக்கு முன்னால் இரண்டு மூன்று மீற்றருக்குப் புல்லை வெட்டாமல் நான் திரும்புவதில்லை.

சிறுத்தைக்குக் கமெரா முழங்கால் உயரத்தில். பாதையிலிருந்து மூன்று நான்கு மீற்றர் தள்ளி, கொஞ்சம் சரிவாகப் பாதையைப் பார்த்தபடி கட்டுங்கள். நேர் குறுக்காக வைத்தால் வேகமாகப் போகும் விலங்கின் வால்தான் கிடைக்கும். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் ஒன்றல்ல. ஆளடையாளம் வேண்டுமென்றால் பாதையின் இரு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். ஒன்றின் வெளிச்சம் மற்றதில் விழாதபடி கொஞ்சம் விலக்கி வையுங்கள். யானைக்கு ஆள் உயரத்துக்கு மேலே, கீழே சரித்து. யானை புதுப்பொருளை விடாது. தும்பிக்கையால் பிடுங்கி மிதிக்கும். இரும்புக் கூடும் கம்பிப் பூட்டும் போட்டால் தப்பக்கூடும்.

பற்றரியில் காசு பார்க்காதீர்கள். மலிவுப் பற்றரி பத்து நாளில் வலு குறைந்து, இரவுப் படம் கறுப்பாக வரும். கூட்டுக்குள் ஒரு சிலிக்கா பொட்டலம் போடுங்கள். மாரிக்காலத்தில் கண்ணாடியில் நீர் படியும், எறும்பு கூடு கட்டும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு வாருங்கள்.

கமெராவை மூடுமுன் திகதியும் நேரமும் சரிதானா என்று இரண்டு தடவை பாருங்கள். பிறகு இடத்தின் எண், திகதி எழுதிய அட்டையை அதன் முன்னால் பிடித்து ஒரு படம் எடுங்கள். நீங்களே நாலு காலில் அதன் முன்னால் நடந்து சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லா ஆய்வாளரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

குறிப்புப் புத்தகம்தான் உங்கள் சம்பளம். இடம், மரம், உயரம், திசை, பற்றரி அளவு, கட்டிய நேரம், எடுத்த நேரம். ஆய்வில் கணக்கு கமெரா இரவில்தான்: பத்துக் கமெரா முப்பது இரவு என்றால் முந்நூறு. ஒன்று ஐந்தாம் நாளே செத்துவிட்டால் அதை ஒளிக்காமல் எழுதுங்கள். பழுதை எழுதுகிற ஆளைத்தான் மறுபடி கூப்பிடுவார்கள்.

மொழியும் ஒரு கருவி. ஆய்வுக் குழுக்களில் சிங்களம் பேசுகிறவர்கள் அதிகம். மரை அவர்களுக்கு கோனா, புள்ளிமான் தித் முவா, கரடி வலஹா, மீன்பிடிப் பூனை ஹந்துன் திவியா. நம் சிறுத்தையின் அறிவியற் பெயரான பந்தேரா பார்டஸ் கொட்டியாவிலேயே ஒரு சிங்களச் சொல் இருக்கிறது. 1956இல் விலங்கியலாளர் தெரணியகல வைத்த பெயர். மூன்று மொழிப் பெயர்களையும் எழுதிப் பாடமாக்குங்கள். ஒரு வாரம் போதும்.

உயிரும் நம்பிக்கையும்

தனியாகப் போகாதீர்கள். பிற்பகல் நான்கு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு குளத்துப் பாதை யானையுடையது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள். யானையால் ஆட்களும், ஆட்களால் யானைகளும் சாகாத வருடம் இல்லை. பன்றிக்கு வைத்த வெடி, கட்டுத்துவக்கு, கம்பித் தடம் எல்லாம் உங்கள் காலுக்கும் காத்திருக்கின்றன. 2020 மே மாதம் ஓர் அபூர்வக் கருஞ்சிறுத்தை செத்தது நல்லதண்ணிப் பகுதியில் இப்படியொரு தடத்தில் அகப்பட்டுத்தான். யுத்தகால இரும்பு எதையாவது கண்டால் தொடாதீர்கள். வயலில் இறங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலா என்று பார்க்க அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலையை ஏற்குமுன் கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சம்பளம் நாள் கணக்கா, மாதக் கணக்கா? எரிபொருள் யார் செலவு? காப்புறுதி உண்டா? திணைக்களத்தின் ஆய்வு அனுமதிப்பத்திரத்தில் என் பெயர் இருக்கிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். அனுமதியில் பெயர் இல்லாமல் காட்டுக்குள் பிடிபட்டால், கையில் கமெரா இருப்பது உதவாது. ஜும்ஆவுக்கும் நோன்பு காலத்துக்கும் நேரம் எப்படி என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். சுபஹுக்குப் பிறகு புறப்பட்டு வெயில் ஏறுமுன் முடித்தால் நோன்போடும் இந்த வேலை நடக்கும்.

நான் மன்னிக்காத ஒரே தவறு படத்தைக் கசியவிடுவது. சிறுத்தை வந்த இடத்தை வட்சப்பில் போட்டால், அடுத்த வாரம் அங்கே கம்பித் தடம் வைக்கப்படும். கமெராவில் மனிதர்களும் விழுவார்கள்: விறகுக்கு வந்த பெண்கள், குளிக்க வந்தவர்கள், பட்டிக்காரர். அந்தப் படங்களை யாருக்கும் காட்டாமல் குழுத் தலைவரிடம் ஒப்படைத்து அழிக்கச் சொல்லுங்கள். கட்டுமுன்பே வட்டை விதானையிடமும் காணிக்காரரிடமும் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். சொல்லாமல் கட்டிய கமெராவை ஊர் உளவென்றுதான் நினைக்கும். அப்படி நினைப்பது நியாயமும்தான்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, பழைய வேட்டைக்காரர் ஒருவர் நானும் வரலாமா என்று கேட்டால் வாருங்கள் என்றே சொல்வேன். இந்த நாட்டின் மூத்த காட்டுயிர்ச் சங்கம் 1894இல் தொடங்கியபோது, அதைத் தொடங்கியவர்களே வேட்டைக்காரர்கள்தான். தடம் படிக்கத் தெரிந்தவர் நமக்கு வேண்டும். துவக்கை வீட்டில் விட்டுவிட்டு வரட்டும்.

கமெரா வாங்க இப்போது அவசரப்படாதீர்கள். ஒரு சி.ஆர். கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, காவல்காரர் ஒருவரோடு இந்த மாதம் பத்து விடியல்கள் குளக்கட்டில் நடந்து, கண்ட தடத்தையெல்லாம் திகதியோடு எழுதுங்கள். அந்தக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். அரச வேலைக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வெள்ளிக்கிழமைகளில் வரும்; ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.