முகவரின் கமிஷனைக் கேளுங்கள்

தைப்பிங்கில் வீடு தேடி வரும் யூனிட் டிரஸ்ட் முகவர், "உங்களிடம் ஒரு காசும் வாங்குவதில்லை" என்பார். கையில் வாங்குவதில்லை, அவ்வளவுதான். இபிஎஃப் சேமிப்பிலிருந்து 10,000 வெள்ளியை அவர் மூலம் போட்டால் விற்பனைக் கட்டணம் 3 விழுக்காடு வரை, அதாவது ஏறக்குறைய 300 வெள்ளி போகலாம். இபிஎஃப்பின் இணையச் சேவையான ஐ-இன்வெஸ்ட் வழியாக நீங்களே போட்டால் உச்சவரம்பு 0.5 விழுக்காடு, 50 வெள்ளிதான். அலைந்து திரிந்து பாரம் நிரப்பித் தருபவருக்குக் கூலி வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் ஒரு நிறுவனத்தின் நிதியை விற்று இன்னொன்றின் நிதியை வாங்கச் சொல்லும்போது புதிதாக ஒரு கமிஷன் பிறக்கிறது. அந்த யோசனை உங்களுக்காகவா, கமிஷனுக்காகவா என்பது தொகை தெரிந்தால்தான் விளங்கும். ஆகவே கையெழுத்துக்கு முன், "இதில் உங்களுக்கு எவ்வளவு, ஆண்டுதோறும் எவ்வளவு, வேறு நிதியென்றால் எவ்வளவு?" என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மழுப்பினால் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.