கையெழுத்து யாருடையது, மருமகனே?

அன்புள்ள மருமகனே,

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்த கதையைப் படித்துவிட்டுப் பொங்கி எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், "நல்லவேளை அத்தை, நமக்கு 1971லேயே சட்டம் வந்துடுச்சு" என்று ஒரு நிம்மதி வேறு. கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு டெக்ஸாஸ் பெண்களுக்காகக் கண்ணீர் விடுகிறாய். நிமிர்ந்தால் தெரிகிற கல்வராயன் மலை மட்டும் உன் கண்ணில் படவில்லை.

சட்டத்தின் பெயரைத்தானே பார்த்தாய், உள்ளே படிக்கவில்லையே? கருவைக் கலைப்பது இங்கே இன்றைக்கும் குற்றம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் 312ஆம் பிரிவு, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 88. தானே கலைத்துக்கொள்கிற பெண்ணையும் அது விடாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது ஒரு விலக்கு, அதுவும் டாக்டருக்கு. 2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதிக்க வேண்டும். சில வகைப் பெண்களுக்கு மட்டும் 24 வாரம் வரை, இரண்டு டாக்டர்கள். அதைத் தாண்டினால் கருவில் கடுமையான குறை என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும், இல்லையென்றால் தாயின் உயிருக்கே ஆபத்தாக இருக்க வேண்டும். "எனக்கு வேண்டாம்" என்று அவள் சொல்வது மட்டும் எந்த வாரத்திலும் போதாது.

"ஆறு மாசம் கண்டுபிடிக்காமலா இருப்பாங்க?" என்று கேட்பாய். ஆம்பிளை கேட்கிற கேள்விதான். பால் கொடுக்கிற காலத்தில் பலருக்குத் தூரம் வராது. நாள் தள்ளிப்போனதே தெரியாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவள் அப்படிப்பட்ட இரண்டு பிள்ளைக்காரிதான். மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்து நீதிமன்றத்துக்குப் போனபோது 24 வாரம் தாண்டியிருந்தது. முதலில் அனுமதித்த நீதிமன்றமே ஒரே வாரத்தில், அக்டோபர் 16 அன்று, முடியாது என்றது. டில்லி வரை போக முடிந்தவளுக்கே இதுதான் கதி. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளியிருக்கிற ஊரில், ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு இறங்கி வர வேண்டியவளுக்கு வாரக்கணக்கு எவ்வளவு வேகமாக ஓடும் என்று யோசி. அந்த மலைக்குச் சாலையும் ஆஸ்பத்திரியும் ஒழுங்காக உண்டா என்று உயர் நீதிமன்றம் கேட்டதே, 2024இல் கள்ளச்சாராயத்தில் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் செத்த பிறகுதான்.

அடுத்து நீ எதைக் கொண்டுவருவாய் என்றும் தெரியும்: "சட்டத்தைத் தளர்த்தினால் பெண் சிசுவை அழிச்சிடுவாங்களே?" நல்ல கவலைதான், தப்பான இடத்தில் வைக்கிறாய். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. சொல்கிறவனைப் பிடி. அவனுக்குப் பயந்து, நாலாம் மாதம் வருகிறவளையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்துத் திருப்பி அனுப்பினால், அவள் மருந்துக்கடையில் பெயர் தெரியாத மாத்திரை வாங்கி விழுங்கி ரத்தப்போக்கோடு வருவாள்.

இன்னும் ஒன்று, நன்றாக மனதில் வை. பதினெட்டு வயது நிரம்பிய, மனநலம் சரியாக உள்ள பெண் என்றால், டாக்டரின் ஒப்புதலுக்கு மேல் அவள் சம்மதம் ஒன்றே போதும். புருஷன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் பழக்கத்தில் கேட்கிறார்கள். கல்யாணம் ஆகாதவளுக்கும் அதே 24 வார வரம்புதான் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினெட்டு நிரம்பாத பெண் வந்தால், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்லும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் மறைக்கலாம் என்றும் சொன்னது. இது தெரியாமல் எத்தனை குடும்பம் போலீசுக்குப் பயந்து நாளைக் கடத்துகிறதோ.

கர்ப்பத்தடையைப் பற்றிப் பெரியார் எழுதியபோது ஒரு வித்தியாசம் காட்டினார்: மற்றவர்கள் உடம்புக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று. நம் 1971 சட்டம் அந்த மற்றவர்கள் பக்கம் நின்று எழுதியது. அதனால்தான் பெருமைப்படாதே என்கிறேன்.

சரி, கோபத்தை வீணாக்காதே. உன் ஊரில் யாராவது தயங்கி நின்றால் புத்தி சொல்லக் கிளம்பிவிடாதே. பஸ் செலவுக்குக் காசு கொடு, கேட்டால் துணைக்குப் போ, வெளியே பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார். "வீட்டுக்காரர் எங்கே, கையெழுத்துப் போடணும்" என்று கேட்டால் மட்டும் வாயைத் திற.

அன்புடன்,
அத்தை